பிரஷர் குளிசை

செவ்வாய், இரவு

மார்பில் கட்டி அப்படியே இருக்கிறது. இன்றும் டொக்டரிடம் காட்டாமல் வந்துவிட்டேன்.

எங்கள் சீனன்குடாவில் காட்டினால் தெரிந்த முகங்கள் இருக்கும் என்றுதான் டவுன் கிளினிக்குக்குப் போனேன். அங்கே வரிசையில் போட்டிருந்த வாங்கில் மல்லிகா அக்கா உட்கார்ந்திருக்கிறார்! என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கும் நிலாவெளி மல்லிகா அக்கா. சாதகம் பொருந்திவிட்டது என்று போன கிழமைதான் சொல்லி அனுப்பினார். தாய்க்கு மார்பில் கட்டி என்று ஒரு கதை போனால் என் பிள்ளையை யார் கேட்டு வருவார்கள்? இத்தனை நாள் போகாமல் இருந்ததே அதற்குப் பயந்துதான்.

"என்ன தங்கச்சி, இஞ்ச?"

"பிரஷர் குளிசை எடுக்க வந்தனான் அக்கா. நீங்கள்?"

"நானும் அதுக்குத்தான்." உடனே எழுந்துவிட்டார். "சனமாக் கிடக்கு. வாங்கோ, போவம்."

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூறைச்சேலை பற்றியே கதைத்தோம். அவர் நிலாவெளி பஸ்ஸில் ஏறியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இரவு சோறு போடும்போது உறைத்தது. செவ்வாய்க்கிழமை அங்கே பிரஷருக்கு மருந்து கொடுப்பதில்லை. அது மார்பு பார்க்கிற நாள். எனக்கு முன்னமே வந்து வரிசையில் இருந்தவர், என்னைக் கண்டுதான் எழுந்தார்.

என் கை திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே போகிறது. நிலாவெளியிலும் ஒரு கை இப்படித்தான் போய்க்கொண்டிருக்குமோ? அக்காவுக்கு உண்மையைச் சொல்லலாம் என்று வட்ஸ்அப்பைத் திறந்தேன். சொன்னால் கலியாணம் நின்றுவிடுமோ?

அவரும் ஒன்லைனில்தான் இருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றும் எழுதவில்லை.