கிணற்றுக்கு வந்த வளையல்

உங்களுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. உங்கள் நாவலில் என்னைக் கிணற்றில் குதிக்க வைத்தீர்கள். அந்தக் கிணற்றைப் பார்க்க பெங்களூரிலிருந்து வேன் வேனாக வருகிறார்கள். பாக்குக் கன்றுகள் மிதிபடுகின்றன.

நேற்று ஒருத்தி மஞ்சள், குங்குமம், வளையல் வைத்த முறத்தைக் கிணற்றில் விட்டாள். "சுமங்கலியா போன புண்ணியவதி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"குடிக்கிற தண்ணிம்மா அது. யாரும் சாகல. கதை எழுதினவர் கட்டின பொண்டாட்டி நான்தான்" என்றேன்.

"சும்மா இருங்கக்கா. மூத்தவங்க இதுலதான் போனாங்க. இளையவங்கள போன வாரம் மேடையில அவர் பக்கத்துல பாத்தோமே" என்று சிரித்தாள்.

வேன் போனதும் முறத்தை வாளியால் தூக்கினேன். வளையல்களைப் போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே வாங்கியதுபோல் அளவாக இருக்கின்றன. நீங்கள் ஒருநாளும் சரியான அளவில் வாங்கியதில்லை.

இப்படிக்கு,
நீங்கள் கொன்றவள்