நான்காம் பேட்ச்

ஜனவரி 6, 1997

ஏழு பேட்ச்களில் நான்காவது மட்டும் ஏன் சரியாக வந்தது? எனக்குத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவே மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

நைலானில் நூற்றுக்கு ஐந்து பங்கு களிமண். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அமோனியம் உப்பு சேர்த்துக் கிளறி, கழுவி, உலர்த்தி, மாவாக அரைத்துச் சேர்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அதன் ஏடுகள் நைலானுக்குள் பிரிந்து பரவினால் சூடு தாங்கும். ஜப்பானில் செய்திருக்கிறார்கள். இங்கே சாதா நைலான் அறுபத்தெட்டு டிகிரியில் வளைகிறது. நான்காம் பேட்ச் நூற்றுப் பதினெட்டு வரை நின்றது. மற்ற ஆறும் எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. அதே மண், அதே உப்பு, அதே மெஷின்.

ஜனவரி 8

பிப்ரவரி 12 அன்று, இந்த நைலானை வாங்கக் கேட்டிருக்கும் ஸ்கூட்டர் கம்பெனியின் இன்ஜினியர் நேரில் வந்து சோதிப்பாராம். தேறாவிட்டால் மார்ச் கடைசியில் லேப் மூடல். மேனேஜர் வெங்கடசாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: “மண்ணு பிசைஞ்சது போதும் மேடம். பொம்மை பண்ணியிருந்தாலும் வித்திருக்கும்.”

என்னைத் தரப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அருள்மேரிக்கு அப்படி இடம் எதுவும் இல்லை. மூன்று வருடமாக கான்ட்ராக்டில் லேப் உதவியாளர். மத்திகிரியில் அவள் வீடே அவள் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஜனவரி 17

எட்டாம் பேட்ச்: எழுபத்தொன்று.

ஜனவரி 22

இன்று காலையிலிருந்து மண் கரைக்கும் இடத்திலேயே நின்றேன். இத்தனை நாளில் ஒருமுறைகூட முழுதாக நின்று பார்த்ததில்லை.

அருள்மேரி குழாயில் ஹோஸ் மாட்டி டிரம்மை நிரப்பினாள். போர்வெல் தண்ணீர். ஓசூர் போர்வெல் தண்ணீர் — கெட்டிலின் அடியில் வெள்ளைக் கல் படிய வைக்கும் தண்ணீர். அந்தச் சுண்ணாம்பு, மண்ணின் ஏடுகளைப் பிரியவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். இது எனக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் பதிவேட்டில் எல்லா பேட்ச்சுக்கும் ‘காய்ச்சி வடித்த நீர், 80 லிட்டர்’ என்றுதான் இருக்கிறது. கீழே அவள் கையெழுத்து, அதற்கும் கீழே என்னுடையது.

வடிக்கும் கருவி நாளுக்கு ஆறு லிட்டர்தான் தருமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க கேக்கலீங்க மேடம். எண்பது லிட்டர்னு எழுதினீங்க. நாளைக்கே முடியணும்னும் எழுதினீங்க.”

நான்காவது பேட்ச்? அக்டோபரில் அன்று பூராவும் கரன்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. ஷெட் ஓரத்தில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாளாம். அதை ஊற்றியிருக்கிறாள்.

மழைத் தண்ணீர். அவ்வளவுதான்.

ஜனவரி 23

பாகலூர் ரோட்டு பேட்டரி கடையில் வடித்த நீர் கேனில் கிடைக்கும். வாங்கித் தரச் சொல்லி இண்டென்ட் போட்டேன். ஏற்கெனவே அந்தத் தண்ணீர்தானே ஊற்றுகிறீர்கள், இப்போது எதற்கு வெளியில் வாங்க வேண்டும் என்று ஸ்டோர்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நியாயமான கேள்வி.

“எழுதாதீங்க மேடம்” என்றாள் அருள்மேரி.

எழுதாவிட்டால் தண்ணீர் வராது, பேட்ச் தேறாது, மார்ச்சில் அவள் வெளியே. எழுதினால்? மாலை வரை யோசித்து, இதுவரை ஊற்றியது போர்வெல் நீர் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். முறையை வகுத்தவள் நான், நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காத தவறு என்னுடையது — இதை இரண்டு இடத்தில் எழுதினேன்.

ஜனவரி 24

நானே என் பையிலிருந்து கொடுத்து வாங்கியிருக்கலாம். ஏன் தோன்றவில்லை? கம்பெனிக்கு எது வேண்டுமென்றாலும் இண்டென்ட் — இருபத்திரண்டு வருடப் பழக்கம். இன்று கேன்கள் வந்துவிட்டன.

பிப்ரவரி 5

ஒன்பதாம் பேட்ச்: நூற்று இருபத்தொன்று. மூன்று முறை பார்த்தேன். அருள்மேரி, சோதனைத் துண்டைச் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டியின் தெர்மாமீட்டரை விட்டு நகரவில்லை. “நிக்குது மேடம், இன்னும் நிக்குது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மெஷின் ஓட்டும் கோவிந்தப்பன், ஐந்து மாதமாக அந்த உப்பின் மீன் கடை நாற்றம் பிடித்ததற்கு இப்போதுதான் கூலி கிடைத்தது என்றான்.

பிப்ரவரி 11

மேனேஜர் கூப்பிட்டார். நாளை கஸ்டமர் பதிவேடு கேட்பார்களாம். மேசையில் என் கடிதம். நான் இரண்டு இடத்தில் எழுதியதில் ஒன்றின் அடியிலும் கோடில்லை. ‘போர்வெல் நீர்’ என்பதன் அடியில் மட்டும் சிவப்புக் கோடு.

“பொய்யா எழுதினது யாரு மேடம்?”

முறை என்னுடையது, கையெழுத்தும் போட்டிருக்கிறேன் என்றேன்.

“நீங்க எம்.எஸ்ஸி., நீங்க சொல்லிக்கலாம். கேட்டா நான் ஒரு பேர் சொல்லணுமில்ல?”

அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். “பார்த்துச் செய்ங்க” என்றேன். என்ன வார்த்தை அது? நாளைக்கு என்ன ஆகுமோ.

பிப்ரவரி 12

நடந்தது இதுதான்.

எட்டேகாலுக்கு கோவிந்தப்பன் வந்து, அருள்மேரியை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றான். கிளம்பினேன். அதற்குள் இன்ஜினியரின் கார் உள்ளே வந்துவிட்டது; மேனேஜர் கையசைத்துக் கூப்பிட்டார். லேப்புக்குத் திரும்பினேன்.

நூற்று இருபது வரை நின்றது. முதல் ஆர்டருக்கு ஒப்புதல். லேப் மூடவில்லை. அந்த இன்ஜினியர் எனக்குக் கை கொடுத்தார். பதிவேட்டைத் திறக்கவே இல்லை.

பதினொன்றரைக்கு கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

“பத்து மணி வரைக்கும் நின்னுச்சுங்க மேடம். பேட்ச் பாஸாச்சான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியலைன்னேன். அப்புறம் மத்திகிரி வழியா போற தேன்கனிக்கோட்டை பஸ் வந்துச்சு, ஏறிப் போயிருச்சு.”