குழிக்குள் இறக்கிய குழாய்

4.6.1984, பெரம்பலூர்

விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தண்ணீர் வந்தது. பதினோரு குடம். எதிர் வரிசையில் யாருக்கும் மூன்று குடத்துக்கு மேல் இல்லை. சித்திரையில் வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கியபோது சிரித்தவர்கள் இப்போது என்னிடமே கடப்பாரை இரவல் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

குழாயைத் திறந்தே வைத்திருக்கிறோம். அப்போதுதான் தண்ணீர் வரும் சத்தம் கேட்டு எழுந்திருக்க முடியும். இது அம்சவள்ளியின் யோசனை. மனைவி சொன்னதை வெளியே ஒப்புக்கொள்வதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

மகள் ராசாத்தி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறு வயதுக்கு ரொம்பத்தான் பிடிவாதம்.

9.6.84

பிடிவாதம் இல்லை. மஞ்சள் காமாலை. பாவம், குழந்தையைத் திட்டிவிட்டேன்.

டாக்டர், "தண்ணியப் பாருங்க சார், கொதிக்க வச்சிக் குடுங்க" என்றார். பார்த்தேன். டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். இதில் நான் எதைப் பார்ப்பது?

13.6.84

ஆபீசில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். படிகாரம் போடு. தேற்றாங்கொட்டை உரசு. பிளீச்சிங் பவுடர் போட்டால் குடல் வெந்துவிடும். போடாவிட்டால் காலரா வரும். பஞ்சாயத்துத் தண்ணீரே வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் குடி. கிணற்றுத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்தே மண்ணெண்ணெய் தீர்கிறது. எது நல்லது, எது கெட்டது? தாலுகா ஆபீசில் எல்லாவற்றுக்கும் ஒரு பைல் உண்டு. இதற்கு இல்லை.

24.6.84

அரியலூர் போய் வந்தேன். மைத்துனர் மதுரைவீரன் பாத்திரக் கடைக்குக் கூட்டிப் போனார். எவர்சில்வர் பில்டர். மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு, நடுவில் தண்ணீரை வடிகட்ட வெள்ளைவெளேரென்று பீங்கான் கேண்டில்கள். இரண்டு கேண்டிலா, மூன்றா? "மூணுன்னா சீக்கிரம் எறங்கும் சார்." சீக்கிரம் இறங்கினால் சுத்தமாக இறங்குமா? கடைக்காரர் யோசித்தார். "ரெண்டே எடுத்துக்கங்க" என்றார். அவருக்கும் தெரியவில்லை.

இரண்டு கேண்டில் உள்ளதையே வாங்கினேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

25.6.84

பில்டருக்கு அம்சவள்ளி மஞ்சள் குங்குமம் வைத்தாள். இறங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இனிமேல் கொதிக்க வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

2.7.84

கேண்டிலைக் கழற்றிக் கழுவினேன். ஒரு வாரத்தில் செம்மண் நிறம். இவ்வளவு அழுக்கையா குடித்துக்கொண்டிருந்தோம்? ஆனாலும் திருப்தியாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பாப்பாயிக்கு ஆறாம் மாதம். புருஷன் செல்லமுத்து டெய்லர். கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு தரித்திருக்கிறது. அவர்களுக்கு வீட்டில் குழாய் கிடையாது, தெருக்குழாய்தான். "அந்தத் தண்ணியக் குடிக்காதம்மா, இங்க வந்து புடிச்சிக்க" என்று நாலு நாளுக்கு முன் சொன்னேன். தினமும் ஒரு சின்னக் குடம். "அண்ணே, இளநி மாதிரி இருக்குண்ணே" என்கிறாள்.

அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. மறைப்பானேன்.

19.7.84

ராசாத்தி பள்ளிக்கூடம் போனாள்.

14.8.84

பாப்பாயிக்குக் கண் மஞ்சள்.

எப்படி? ஒன்றரை மாதமாக அவள் பில்டர் தண்ணீர் தவிர வேறு குடிக்கவில்லையே. செல்லமுத்து, "அண்ணே, ஒங்க தண்ணியக் குடிச்சதாலதான் இந்த மட்டுல நிக்குது" என்றான். நானும் தலையாட்டினேன்.

16.8.84

சும்மா கேட்பதுபோல டாக்டரைக் கேட்டேன். "பில்டர் கலங்கலத்தான் நிறுத்தும் சார். காமாலைக் கிருமி அதுல நிக்காது. நான் கொதிக்க வைக்கத்தானே சொன்னேன்?"

சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்ததே என்று வாய் வரை வந்தது.

சரி, கிருமி என் தண்ணீரில் எங்கிருந்து வந்தது? டேங்கிலிருந்து என்றால் ஊர் முழுக்க அல்லவா படுத்திருக்க வேண்டும்?

17.8.84

பஞ்சாயத்து டேங்கில் தண்ணீர் திறந்துவிடுகிறவரைப் பிடித்தேன். அவர் என் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. பாத்திரம் கழுவியது, சாக்கடையிலிருந்து கசிந்தது, எல்லாம்தான்; தினமும் காலையில் இறைத்துவிட்டுத்தான் குடம் வைப்போம். குழாயின் வாய் அதில் முங்கிக் கிடந்தது.

"தெறந்தே போட்டிருக்கீங்களா சார்? மேல நான் அடைச்சதும் குழாய் காத்து வாங்கும். காத்து இல்லன்னா இருக்கறத உறிஞ்சும். மறுநா காலையில உறிஞ்சதத்தான் மொதல்ல கக்கும்."

அந்த முதல் குடத்தைத்தான் நாங்கள் பில்டரில் ஊற்றுவது வழக்கம்.

18.8.84

குழாயை மேலே ஏற்றி, குழியை மூடினேன். ஏன் என்று கேட்டவர்களிடம் மழை வரப்போகிறது என்றேன். அம்சவள்ளியிடம் மட்டும் சொன்னேன். "நம்ம மேல எதுக்கு இழுத்துப் போட்டுக்கறீங்க? தெருவுல நாலு வூட்டுல குழி இருக்கு" என்றாள்.

இருக்கிறது. அந்த நாலு வீட்டில் பாப்பாயி தண்ணீர் குடிக்கவில்லையே.

26.8.84

காமாலை முற்றி, பாப்பாயியைத் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குழந்தை இறந்து பிறந்தது. ஆண். அவள் பிழைத்துவிடுவாள் என்கிறார்கள்.

27.8.84

—

9.9.84

இருவரும் வீடு திரும்பினார்கள். செல்லமுத்து நேராக இங்கே வந்தான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "புள்ள போனது விதிண்ணே. அவளாவது பொழச்சது நீங்க ஊத்துன தண்ணி" என்றான்.

கையை எடுக்கத் தெரியவில்லை. வாய் இருந்து என்ன பிரயோஜனம் எனக்கு.

13.9.84

சொன்னால் யாருக்கு என்ன லாபம்? குழந்தை வருமா? சொல்லாமல் இருந்தால் நாளைக்கும் அவள் குடத்தோடு வருவாள், "அண்ணே" என்பாள். இப்போது கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம். அது போதாதா? போதும் என்று ஒரு வேளை தோன்றுகிறது. மறுவேளை, சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று தோன்றுகிறது.

16.9.84

சொல்லிவிட்டேன். அவன் தையல் மெஷினுக்கு எதிரில் நின்றுகொண்டு, குழியிலிருந்து பில்டர் வரை எல்லாவற்றையும்.

செல்லமுத்து கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்துப் போயிருந்தேன். அவன் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தான். "விதின்னு சொல்லிச் சொல்லி இப்பத்தான் அவ ரெண்டு வாய் சோறு திங்கறா. ஏங்க இதச் சொன்னீங்க?"

ஏன் சொன்னேன்? அவனுக்காகவா, என் பாரத்தை இறக்கவா? வீட்டுக்கு வந்து இதுவரை யோசிக்கிறேன். தெரியவில்லை.

17.9.84

பாப்பாயி தண்ணீருக்கு வரவில்லை.

7.10.84

குழாயை மேலே ஏற்றியதிலிருந்து வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. குடிக்கிற தண்ணீருக்கு இன்று முதல் தெருக்குழாய். அம்சவள்ளிக்குக் காய்ச்சல், நானே குடத்தோடு போனேன். பெண்கள் நடுவில் நிற்கக் கூச்சம்.

எனக்கு முன்னால் செல்லமுத்து. மூன்று வாரமாக நாங்கள் பேசவில்லை. அவன் குடம் நிறைந்தது. தூக்கி ஓரமாக வைத்தான். அந்தக் குழாயை யாராவது அழுத்திப் பிடித்தால்தான் தண்ணீர் வரும். போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. குழாயை அழுத்திப் பிடித்தபடியே நின்றான். தண்ணீர் வீணாகக் கீழே ஓடியது.

"வைங்க சார்" என்றான்.

ஆறு வருஷமாக அவன் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். குடத்தை வைத்தேன்.