எல்லா வரியும் போகட்டும்

ஜனவரி 9

தொட்டி நிரம்பி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர். துடைத்துவிட்டு நிமிர்ந்தால், இவர் செய்தித்தாளை நீட்டினார். மூன்றாம் பக்கத்தில் மகாராணி! தொழில் அமைச்சருக்குப் பூங்கொத்து கொடுக்கிறாள். வேறு யார், என் ஓரகத்திதான். கொழுந்தன் பெண்டாட்டி.

அண்டை நாட்டு இரும்பு பைப்புக்கு இருபத்தைந்து சதவீதம் வரி போட்டுவிட்டார்களாம். உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றவாம். அவளுடைய பைப் மில் உள்நாட்டுத் தொழில், சரி. அந்த நாட்டுப் பைப்பை வாங்கி, வளைத்து, மடக்கு நாற்காலி செய்கிற என் பட்டறை எந்த நாட்டுத் தொழிலாம்?

படத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 27

பைப் ஏஜென்ட் புது விலை சொன்னார். உட்கார்ந்துவிட்டேன்.

இவர் மெதுவாக ஆரம்பித்தார். "தம்பி பொண்டாட்டிகிட்ட கேட்டா என்ன? நமக்குக் குறைச்சுத்தான் தருவா."

"அவ வாசல்ல போய் நிக்கச் சொல்றீங்களா?"

"பைப் வாங்கப் போறதுக்குப் பேரு வாசல்ல நிக்கறதா?"

எனக்கு அதுதான் பேர். வரியைக் கட்டி அதே அண்டை நாட்டுப் பைப்பையே வாங்கினேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனம் கெட வேண்டும் என்பார்களே, அந்தக் கதை. தெரிந்தேதான் செய்தேன்.

பிப்ரவரி 15

மாமியாரைப் பார்க்கப் போனோம். அவர் இருப்பது மகாராணி வீட்டில்.

"சின்னவ மில்லுல ராத்திரி ஷிஃப்டும் ஓடுது, தெரியுமா? உன் பட்டறை எப்படிப் போகுது?" என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

மகாராணி காபி கொண்டுவந்தாள். "அக்கா, பைப் வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கு இல்லாததா?"

என்ன குரல்! நடிப்பு என்று நிரூபித்துவிட்டால் எனக்கு நிம்மதி. நிரூபிக்க முடியவில்லை. நானும் பதினாறு வருஷமாக இரும்போடுதான் மல்லுக்கட்டுகிறேன். நேற்று வந்தவளுக்கு அமைச்சர், வரி, புகழ் எல்லாம் மடியில் வந்து விழுகிறது. எனக்கு மட்டும் ஏன் எதுவுமே கொக்கி போட்டு இழுத்தாலும் வருவதில்லை?

மார்ச் 4

என் இரண்டு வெல்டர்களில் நல்லவர் நின்றுவிட்டார். எங்கே போகிறார்? அவள் மில்லுக்கு.

மார்ச் 20

தேர்தல் வருகிறது. நாற்காலிப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் எதிர்க்கட்சி வேட்பாளரைப் பார்க்கப் போனோம். அவர் வக்கீல். பேசச் சொல்லி என்னை முன்னால் தள்ளினார்கள்.

"பைப் வரியை எடுக்கணும்" என்றேன்.

"பைப்புக்கு மட்டுமா?" வக்கீல் சிரித்தார். "அது உங்க ஓரகத்தி தொழிலாச்சே. குடும்பச் சண்டையைக் கட்சிக்குள்ள கொண்டுவந்துட்டாங்கன்னு பேசுவாங்களேம்மா."

அறையே என்னைப் பார்த்தது. முகம் எரிந்தது. மனதுக்குள் இருப்பதை யாரோ வெளியே எடுத்து மேஜை மேல் வைத்த மாதிரி — என்ன சொல்லித் தப்பிப்பது?

"பைப்புக்கு மட்டும்னு யார் சொன்னா? அந்த நாட்டுல இருந்து வர்ற எல்லாத்துக்கும் எடுங்க. விலைவாசி இறங்கட்டும். நான் ஜனங்களுக்காகக் கேக்கறேன்."

கைதட்டினார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் மட்டும் என் காதருகே, "எல்லாத்துக்குமா?" என்றார். நான் திரும்பவில்லை. ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 22

பேப்பரில் வந்துவிட்டேன்! 'எல்லா வரியும் போகட்டும்: பெண் தொழிலதிபர் முழக்கம்.' ஆனால் ஐந்தாம் பக்கம். அவள் மூன்றாம் பக்கம்.

மே 2

அமைச்சர் தோற்றார். ஆட்சியும் மாறிவிட்டது. நான் குதித்த குதியைப் பார்த்து இவர், "ஜெயிச்சது வக்கீலா, உன் கூடப் பொறந்தவனா?" என்று கேட்டார்.

ஜூலை 11

வரி ரத்து. பைப் விலை இறங்கியது. அவள் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் நின்றுவிட்டதாம். "ஐயோ பாவம்" என்றேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகஸ்ட் 6

வழக்கமாக என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார். அண்டை நாட்டுச் சரக்கு. அவர் சொன்ன விலைக்கு எனக்குப் பைப்பும் பெயின்டும்கூட அடங்காது.

"நாற்காலிக்கும் வரி போயிடுச்சேம்மா. நீங்கதானே கேட்டு வாங்கினீங்க, பேப்பர்ல பார்த்தேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, பாராட்டித்தான் சொன்னார்.

நாற்காலிக்கு வரி இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து தலைக்கு மேல் இருந்த கூரை அது. யார் தினமும் அண்ணாந்து பார்க்கிறார்கள்? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். யானைக்காவது தும்பிக்கை. எனக்கு வாய்.

செப்டம்பர் 18

மகாராணியின் மில் மூடிவிட்டது. சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போய் ஆறுதல் சொல்கிறார்கள். மாமியார் போனில் அழுகிறார். இங்கே வாரத்துக்கு இரண்டே நாள் வேலை, மற்ற நாளெல்லாம் பூட்டு. ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. கஷ்டத்திலும் அவளுக்குத்தான் கூட்டம்.

சீ, இதற்குமா வயிறு எரியும்? எரிகிறதே.

அக்டோபர் 5

இன்று பட்டறைக்கு வந்தாள், தனியாக. மிஷின் எதுவும் ஓடவில்லை. எங்கே உட்கார்வது என்று தெரியாமல் நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, பதிலுக்குப் பதில் தயார் செய்துகொண்டேன்.

"நீங்க பேசினதைப் பேப்பர்ல பார்த்தேன்க்கா. அன்னிக்கு உங்க மேல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் மில்லைப் பூட்டிட்டு வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கறப்ப தோணிச்சு. அந்த வரியை அமைச்சர்கிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கினவ நான். பைப் விலை ஏறினா உங்க பட்டறை என்ன ஆகும்னு ஒரு நிமிஷம்கூட நினைக்கலியே. என்னை மன்னிச்சிடுங்கக்கா."

தயார் செய்த பதில் ஒன்றும் உதவவில்லை. நான் என்ன நினைத்து வக்கீல் முன்னால் நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். "உட்காரு, டீ சொல்றேன்" என்றுதான் வெளியே வந்தது.

டீயைக் குடித்தாள். முகம் கழுவிய மாதிரி லேசாக எழுந்து போனாள்.

மன்னிப்புக் கேட்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.