ஒற்றைக் கைக்கு ஒரு குழாய்

அண்ணி,

இன்று காலை உத்திரமேரூரில் ஆணி வாங்கப் போனேன். கடைக்காரர் யாருக்காகவோ பெட்டியைப் பிரித்து ஒரு புதுக் குழாயை வெளியே எடுத்தார். எண்ணெயும் உலோகமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஆணி மறந்துவிட்டது. நீங்கள் வந்து நின்றீர்கள். மல்லிகை வாசனையில் அண்ணியை நினைக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். குழாய் வாசனையில் நினைக்கும் கொழுந்தன் ஈரேழு உலகத்திலும் நான் ஒருவன்தான்.

வாதத்தில் அண்ணனுக்கு வலப்பக்கம் விழுந்துபோன வருஷம் அது. இரண்டு நெல் மூட்டையை ஒரே தோளில் சுமந்த மனிதர், காலையில் உங்களிடம் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. ஈரத் துணியால் நீங்கள் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். துடைத்து முடித்த பிறகும் திறக்கமாட்டார். நாங்களெல்லாம் தைலம், வைத்தியர் என்று பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் மட்டும் வாஷ்பேசினையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“இன்னா கொயுந்தனாரே, ஒத்தக் கையில ஏந்துன தண்ணி மூஞ்சிக்குப் போறதுக்குள்ள ஒயுகிப் பூடுது. பேசின்லயே தண்ணி நின்னா அள்ளிக்கலாம் இல்ல? திருகுற குயாயும் வேணாம், சோப்புக் கை வயுக்குது. மணிக்கட்டால தள்ளுனா தொறக்கணும்.”

ஏழு இன்ஜினியர்கள் ஏழு வருஷம் பட்டினி கிடந்து யோசித்தாலும் வராத யோசனை. பல்லவன் புள்ளலூர்ப் போருக்குப் படை கொண்டுபோன தோரணையில் நம்மூர் பெருநகரில் பஸ் ஏறினேன். தள்ளினால் திறக்கும் குழாயும், அமுக்கினால் அடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினால் திறக்கும் மூடி வைத்த வடிகுழாயும் வாங்கிவந்தேன். பழையதைக் கழற்றினேன். புதுக் குழாயின் திருகு மரையில் வெள்ளை டேப் சுற்றினேன். முறுக்கினேன். பூமியே ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியிருக்கும், அப்படி ஒரு முறுக்கு. குழாய்க்குப் பொட்டும் வைத்துவிட்டுக் கூவினேன்: “அண்ணி, கற்பூரம் கொண்டாங்க!”

நீங்கள் கொண்டுவந்தது ஒரு சொம்புத் தண்ணீர். பேசினின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். நிரம்பும் தண்ணீர் வழியாமல் அதற்குள் இறங்கி வடிகுழாய்க்குப் போக வேண்டும். அதில் ஊற்றினீர்கள். போன வழியே தண்ணீர் திரும்பி வந்தது. நான் வாங்கிவந்த வடிகுழாயின் பக்கவாட்டில் அதை உள்ளே விடும் துளையே இல்லை.

“மூடிய அமுக்கிட்டு, குயாய நிறுத்த அவரு மறந்தாருன்னு வெச்சிக்கோங்க. ரொம்பித் தரையெல்லாம் தண்ணி. அவரு கால் நிக்கிற கால் இல்ல. வயுக்கிச்சுன்னா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது அண்ணி. நான் பொறுப்பு.”

“நீங்க பொறுப்பு ஏத்துக்கினா திருமுக்கூடல் ஆறு மூணும் இந்த பாத்ரூமுக்கே வந்துடும். கெளம்புங்க. பக்கத்துல ஓட்டை கீதான்னு விரல வுட்டுப் பாத்து வாங்கியாங்க.”

கிளம்பினேன். விரலை விட்டுப் பார்த்தேன். மாற்றிவந்து பொருத்தினேன்.

மறுநாள் காலை அண்ணன் தனியாக உள்ளே போனார். தண்ணீர் விழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ‘தொப்’பென்று ஏதோ விழுந்தது. நான் பாய்ந்தேன். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவை மறித்து நின்றிருந்தீர்கள்.

“வுடுங்க. வுயுந்தது சோப்பு. மனுசன் இல்ல.”

குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த உங்கள் விரல்கள் ஒன்றையொன்று நெரித்து வெளுத்துப்போயிருந்ததை நான் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்த் தாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடாமல் நிற்க அவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

அண்ணன் வெளியே வந்தார். சட்டையெல்லாம் ஈரம், காதோரம் நுரை, இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன.

“துண்டு எங்கடி?” என்று அதட்டினார். அந்த அதட்டலுக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் செய்யாற்றுக் கொக்கெல்லாம் பறந்திருக்கும்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணன் தானேதான் முகம் கழுவிக்கொள்கிறார். கதவுக்கு வெளியே நிற்பது இப்போது என் முறை. உள்ளே ஏதாவது விழுந்தால் கால் தானாகப் பரபரக்கிறது. இரண்டு கைகளையும் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு நிற்கிறேன், அண்ணி. என் வாழ்நாளில் நான் செய்யும் ஆகக் கடினமான வேலை இதுதான். இதில் மட்டும் மிகை எதுவும் இல்லை.