காலை எனக்கு, மாலை பாய்க்கு

அனுப்புநர்:
செ. கண்ணுசாமி (வயது 67),
விசைத்தறி மெக்கானிக் (ஓய்வு),
காவிரிக்கரைத் தெரு, குமாரபாளையம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: வாசகசாலையில் எனக்கும் துண்டு வியாபாரி நசுருல்லா பாய்க்கும் தனித்தனி நேரம் ஒதுக்கியதை ரத்து செய்ய வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெரு வாசகசாலை வராந்தாவில் நானும் பாயும் இரண்டு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இஸ்ரேல், பாலஸ்தீனச் செய்திகளைப் பேசி வந்தோம். இரண்டு நாடாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழட்டும் என்பது அவர் கட்சி. ஒரே நாடு, எல்லோருக்கும் சம ஓட்டு என்பது என் கட்சி. இதுவரை யாரும் ஜெயிக்கவில்லை. டீதான் ஆறிப்போகும்.

2. பாய்க்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் என்றாலே பயம். தினமும் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்வார். நான் வாய்விட்டுப் படிப்பேன். இந்தப் புரை விஷயம் நூலகருக்குத் தெரியாது. தயவுசெய்து தங்களோடு இருக்கட்டும்.

3. தவறு என்னுடையது. எந்தப் பக்கமானாலும் குழந்தைகள் செத்த செய்தி வந்தால் அந்த வரிகளை விட்டுவிட்டுப் படித்தேன். பேரன் பேத்தி எடுத்த மனுஷர், தாங்கமாட்டார் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் வாய் வரவில்லை. சென்ற மாதம் அவர் மகள் நிகத், நான் அப்படி விட்டுப் படித்த ஒரு செய்தியை வீட்டில் அவருக்கு முழுதாகப் படித்துக் காட்ட, விஷயம் வெளிப்பட்டது. "ஏனுங்க, செத்த புள்ளைங்களை மறைச்சுப்போட்டு எங்கிட்டச் சமாதானம் பேசுனீங்களா?" என்று பாய் வராந்தாவில் கத்தினார். நானும் கத்தினேன். பெஞ்சு கவிழ்ந்தது.

4. நூலகர் நல்லவர். சண்டை வேண்டாமென்று காலை எனக்கு, மாலை பாய்க்கு என்று ஒதுக்கினார். அன்றிலிருந்து சத்தமே இல்லை. அதைச் சமாதானம் என்று அவர் நினைக்கிறார். ஒரு மாலை ரோட்டில் நின்று பார்த்தேன். பாய் முதல் பக்கத்தை விரித்துப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, ஐயா.

5. மன்னிப்புக் கேட்க வீட்டுக்கும் போனேன். அவர் சம்சாரம் ரபியாம்மா டீ கொடுத்தார். பாயோ, எதுவானாலும் வாசகசாலையில் பேசிக்கொள்ளலாம் என்று உள்ளறையிலிருந்தே சொல்லியனுப்பினார். அங்கே எங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு நிமிடம்கூட இல்லை.

ஆகவே அதே பெஞ்சையும் ஒரே நேரத்தையும் எங்களுக்குத் திருப்பித் தர உத்தரவிடுங்கள். சண்டை போடமாட்டோம் என்று எழுதித்தர முடியாது, போடுவோம். பெஞ்சைக் கவிழ்க்க மாட்டோம். யார் வீட்டுக் குழந்தையானாலும் இனி ஒரு வரி விடாமல் படிப்பேன் என்று உறுதியளிக்கிறேன். வாய் வராவிட்டால் நிறுத்துவேன். பாய் காத்திருப்பார்.

இடம்: குமாரபாளையம்
நாள்: 12.12.2025

தங்கள் உத்தரவுக்காகக் காலை நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும்,
செ. கண்ணுசாமி