கழுத்து அட்டையில் மூன்று எழுத்து

அன்புள்ள தனுஜாவுக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இந்த வெள்ளைக்கார ஆமி முகாமுக்குள் போனுக்கு அனுமதி இல்லை, அதனால்தான் கடிதம். சமையல்கட்டில் வெங்காயம் உரித்து உரித்துக் கை ஓய்ந்துவிட்டது.

போன கடிதத்தோடு நான் அனுப்பிய போட்டோவில் என் கழுத்து அட்டையில் டீ.சி.என். என்று இருப்பதைப் பார்த்து, "மகனுக்கு ஆமியில பட்டம் குடுத்திருக்காங்க" என்று அப்பா தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்கிறாராமே. அது பட்டம் இல்லை. ஆமிக்காரர்கள் எதையும் எழுத்தாகச் சுருக்கித்தான் சொல்வார்கள். அவர்கள் நாட்டுக்காரனும் இல்லை, இந்த அரபு நாட்டுக்காரனும் இல்லை, மூன்றாம் நாட்டுக்காரன் என்று அர்த்தம். அப்பாவிடம் சொல்லிவிடாதே. எந்த நாட்டுக்காரனும் இல்லாமல், பிரஜாவுரிமைக்காகப் பதுளைக் கச்சேரி அலுவலகத்துக்குப் பாதி ஆயுசு நடையாய் நடந்தவர் அவர்.

போன கிழமை சைரன் ஊதியதும் எல்லோரும் பங்கருக்குள் போனோம். ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. வெளியே வந்ததும் ஆமிக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்களைத் தலை எண்ணிவிட்டு, "டீ.சி.என். சரி" என்றார்கள்.

கொஞ்சம் தேயிலைத்தூள் அனுப்பு. பார்சலில் என் முழுப்பெயரையும் பெரிதாக எழுது. பார்சல் வந்தால் மட்டும்தான் இங்கே பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பொன்னையா துஷாந்த்